ருன்ஷியின் தெற்கு வாசலுக்குக் கதவு வேண்டாம்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் ஹுவோ அவர்களே! ஆற்றின் சீற்றத்தை அறிந்த பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இந்த மதில் காத்த உயிர்களின் வழிவந்தோரே, இது கைவிட்ட உயிர்களின் வழிவந்தோரே, அனைவரையும் பணிந்து தொடங்குகிறேன்.

ருன்ஷி இன்று சிற்றூர். பேரரசர் காலத்தில் ஒரு பெருவட்டத்தின் தலைநகர்! சுற்றிலும் இருந்த ஊர்கள் வரியும் வழக்கும் சுமந்து நம் வாசலுக்கு வந்தன. அந்தப் பெருமையைப் போர் பறித்ததா? பஞ்சம் பறித்ததா? இல்லை, நாமே கொடுத்தோம்.

ஒரு கோடைக் காலையில், ஆற்றின் மேல்பகுதியில் கரை உடைந்ததென்று குதிரையில் செய்தி வந்தது. வட்ட ஆட்சியர் பெங் ஷௌயி கொடியவரல்லர். கிணறு வெட்டியவர், வழக்கில் காசுக்குக் கை நீட்டாதவர். ஆனால் அஞ்சினார். புறநகர் மக்கள் உள்ளே புகுந்தால் களஞ்சியம் தாங்காதென்று தெற்குக் கதவைச் சாத்தச் சொன்னார். அப்போது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் கண்ணுக்கே எட்டவில்லை.

தாழிட்டவர் வாசல் காவலர் நியே தாஷன். அவர் மனைவி சூ லான் புறநகரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கதவுக்கு அப்பால் கூட்டம் கதறியது. அவள் கதறவில்லை. சந்தைக்குப் போய்த் திரும்பியவள்போல் மெல்லத் தட்டினாள்.

"உள்ள இருக்கீங்கதான? நான்தான். தெறங்க."

நியே, ஆட்சியரைப் பார்த்தார். ஆட்சியர் தலையசைத்து மறுத்தார். பிற்பகலில் தண்ணீர் வந்தது. தட்டல் நின்றது.

பின்வரிசையில் யாரோ பேய்க்கதையா என்கிறார். ஐயா, உங்கள் ஊர் வரலாறு, உட்கார்ந்து கேளுங்கள்.

வெள்ளம் வடிந்தது. வழக்குமன்ற வாசலில் முறையீட்டு முரசு உண்டல்லவா? யார் அடித்தாலும் ஆட்சியர் அமர்ந்து கேட்டாக வேண்டும். அது பேரரசின் சட்டம். உச்சி வெயிலில் அது ஒலித்தது. ஓடி வந்தார்கள், ஒருவருமில்லை. தோலில் ஈர வண்டல், வண்டலில் விரல்தடம். காவல் போட்டார்கள், காவலர் கண்முன்னே ஒலித்தது. தோலைக் கிழித்தார்கள், வெற்றுக் கட்டையும் ஒலித்தது! இப்போது அது முரசொலி இல்லை. உள்ளங்கை மரத்தில் படும் மெல்லிய ஓசை. அது யார் கையென்று நியே அறிந்தார்.

மறுநாள் ஆட்சியர் இருக்கையில் அமர்ந்து, முறையிட வந்தவர் யாரென்று கேட்டார். நியே முன்வந்து மண்டியிட்டார்.

"அவ பேச மாட்டாய்யா. அவளுக்காக நான் பேசறேன். தண்ணி வந்தப்புறம் சாத்தியிருந்தா உங்கள யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. வர்றதுக்கு முன்னாடியே சாத்தினோம். நீங்க சொன்னீங்க, நான் தாழ் போட்டேன். ரெண்டு பேருக்கும் சேத்துத் தீர்ப்பு சொல்லுங்க."

ஆட்சியர் பதவித் தொப்பியைக் கழற்றி வைத்தார். கதவுகளைப் பெயர்த்தெறியுங்கள், இனி எவரும் மாட்டலாகாது என்றார். பிறகு நியேயும் அவரும் வெறுங்காலோடு அந்த வாசலைக் கடந்து ஆற்றை நோக்கிச் சேற்றில் நடந்தார்கள். திரும்பவில்லை. தேடிப்போனவர்கள் கண்டது காலடித் தடங்களை. போனவர் இருவர், தடமோ மூவருடையது. மூன்றாவது, பெண்ணின் பாதம்.

தலைநகரிலிருந்து அதிகாரி வந்தார். கதவில்லாத ஊர் வட்டத்தின் தலைமையாக இருக்க முடியாது, கதவை மாட்டுங்கள் அல்லது ஆட்சி முத்திரையைக் கொடுங்கள் என்றார். கூட்டத்திலிருந்து சாயக்காரி ஒருத்தி சொன்னாள்: "முத்திரைய எடுத்துட்டுப் போங்கய்யா. வாசல் இப்படியே கெடக்கட்டும்."

எடுத்துப் போனார். பட்டம் போனது, பதவி போனது, படை போனது. அடுத்த வெள்ளத்தில் புறநகர் முழுவதும் அந்தத் திறந்த வாசல் வழியே ஓடி வந்தது. கடைசிக் கிழவனும் உள்ளே வந்த பின்னரே மண்மூட்டை அடுக்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை! இதைவிடவா பெருமை? இதைவிடவா தலைமை?

இன்று, பார்வையாளர் வருவார்கள், பித்தளைக் குமிழ் வைத்த செங்கதவு மாட்டுவோம் என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறீர்கள். விரும்புவோர் கை தூக்குங்கள்; தடுக்கமாட்டேன். தூக்குமுன், அந்த மரத்தை மறுபக்கமிருந்து தட்டப்போவது உங்களில் யார் வீட்டுப் பெண் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

செவி தந்த சான்றோருக்கு நன்றி. எல்லோரும் நலமாய் வீடு சேருங்கள். வணக்கம்.