சசிக்குமார் போட்ட பிணைக் கையெழுத்து

இந்த மண்டபத்தில் கூடியிருக்கும் அலுவலக நண்பர்களே, இரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, முன்வரிசையில் இருக்கும் அமரரின் துணைவியார் ரஜனி அக்கா, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். மேடையில் வீற்றிருக்கும் நலன்புரிச் சங்கத் தலைவர் கஜேந்திரன் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். தலைவரைக் கடைசியில் விளித்தது மறதியால் அல்ல.

நான் சுபாஷினி. மொழிபெயர்ப்புப் பிரிவில் அமரர் சசிக்குமார் ஐயாவுக்குப் பக்கத்து மேசை. சிங்களத்தில் வந்த கடிதத்தோடு யார் வந்து நின்றாலும், சாப்பாட்டுப் பொதியைத் தள்ளி வைத்துவிட்டு வாசித்துச் சொல்லுவார். வாசித்ததை வெளியே சொல்ல மாட்டார். ஒருமுறை ரஜனி அக்காவின் தம்பி மீதே பொலிஸ் முறைப்பாடு வந்தது. அதை ஐயாதான் மொழிபெயர்த்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. அழைப்பாணை வந்த பிறகுதான் அக்காவுக்கே தெரியும். ஒரு வாரம் அவருக்குச் சோறு போட்டார்களே தவிர, பேசவில்லை.

அப்படிப்பட்டவருக்குக் கொழும்பில் இரகசியக் கோப்புகளை மொழிபெயர்க்கும் பதவி கிடைக்க இருந்தது. பரீட்சையில் முதலிடம். பாதுகாப்பு அனுமதி மட்டும்தான் பாக்கி. அதிகாரிகள் அவருடைய ஊரான தோட்டத்துக்கு வந்து விசாரித்தார்கள், ஒரு குறையும் இல்லை. பிறகு கடன் விபரத்தைப் பார்த்தார்கள். அங்கே மாட்டிக்கொண்டார்.

அவர் யாரிடம் கடன் வாங்கினார்? யாரிடமும் இல்லை. கஜேந்திரன் அவர்கள் சீகிரியாவில் சுற்றுலா ஓட்டத்துக்கு விட வேன் வாங்கியபோது, அந்த வங்கிக் கடனுக்கு ஐயா பிணைக் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். நம் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களிடையே அது ஒரு வழக்கம். ஒருவருக்கொருவர் போடுவோம், மறுத்தால் முகத்தில் முழிக்க முடியாது. வேன் ஓடியது. தவணை ஓடவில்லை. பிணையாளியின் பெயரும் கெட்டது.

அரசாங்க விதியை நான் திட்டவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும் மனிதனைக் காசு காட்டி வளைத்துவிடலாம் என்று அஞ்சுகிறார்கள். அஞ்சட்டும். அவருக்கு அவகாசமும் கொடுத்தார்கள். நிலுவையைக் கட்டி, ரசீதைக் காட்டினால் போதும் என்றார்கள். அந்த நிலுவை முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட ஐயாவிடம் காசு இல்லை. தலைவரிடம் போனார். நானும் கூடப் போனேன். தலைவர் சொன்ன பதில் இது:

"அடுத்த சீசன்ல பாத்துக்கலாம் சசி. ஒனக்குத்தான் இங்கயே வேல இருக்கே."

அந்த ஆண்டு வேனுக்குப் புது ரேடியோவும் புது சீட்டும் வந்தன. பதவி அடுத்த ஆளுக்குப் போனது. ஒரு மனிதனின் நேர்மையை அரசாங்கம் சந்தேகித்ததே, அந்தச் சந்தேகத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது யார்? தலைவர் அவர்களே, சற்று முன் இதே ஒலிவாங்கியில், பிறருக்காகத் தன்னையே தந்த தியாகி என்று ஐயாவைப் புகழ்ந்தீர்களே, அவர் தந்தாரா, நீங்கள் எடுத்தீர்களா? அவர் நெஞ்சுவலியில் போனதற்கு உங்களைப் பொறுப்பாக்க மாட்டேன். அது அவருக்கு முன்பே இருந்த இருதய வருத்தம். ஆனால் அந்தத் தியாகி என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

இரங்கல் கூட்டம் என்றால், அமரரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுத்துக்கொண்டு கலைவோம். எடுப்போம். சிங்களக் கடிதங்களை இனி என் மேசைக்குக் கொண்டு வாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன். அது என் பொறுப்பு.

இன்னொரு பணியையும் ஐயா பாதியில் விட்டுப் போயிருக்கிறார். இறக்கும் மாதம் வரை அவருடைய சம்பளத்தில் வெட்டப்பட்டது உங்கள் வேன் தவணை, தலைவர் அவர்களே. மீதிக்காகப் போன வாரம் வங்கி ரஜனி அக்காவுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அந்தப் பணியைத் தொடர இந்த மண்டபத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை உண்டு.

எழுந்து வாருங்கள். ஒலிவாங்கியை உங்கள் கையில் தருகிறேன். எங்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அக்காவைப் பார்த்துச் சொல்லுங்கள்.