கைப்பிடி இல்லாத கதவுகள்

வெள்ளையில் பதினேழு வகை இருக்கிறது, டாக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை எனக்கும் தெரியாது. முத்து வெள்ளை, தந்த வெள்ளை, பனி வெள்ளை, பால் வெள்ளை என்று ஷோரூம் பெண் ஒவ்வொரு மாதிரிப் பலகையாக எடுத்து மேசைமேல் பரப்பினாள். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரிந்தன. ஆனாலும் கண்ணைச் சுருக்கி, தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். விஷயம் தெரிந்தவன் அப்படித்தான் பார்ப்பான்.

மனைவிக்கு ஞாபக மறதி எப்போது ஆரம்பித்தது என்றுதானே கேட்டீர்கள்? அதற்குத்தான் வருகிறேன். சமையலறை அலமாரிக் கதவுகளைத் தாண்டி அந்தக் கதைக்குள் போக முடியாது.

அவளுக்குப் பிடித்தது வேறு. சுற்றிலும் சட்டம் வைத்து, நடுவில் பள்ளமாக, வெளிர்ப் பச்சை நிறத்தில் ஒரு கதவு சுவரில் மாட்டியிருந்தது. அதில் நல்ல கெட்டியான ஸ்டீல் கைப்பிடி. “ஈரக் கையோட சுண்டு விரலைப் போட்டு இழுத்தா திறக்கணுங்க. மேல ரெண்டு கதவுக்குக் கண்ணாடி போட்டுட்டா உள்ள என்ன இருக்குன்னு பார்த்ததும் தெரியும்” என்றாள். நியாயமான பேச்சுதான். அவள் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவாள். கூட வாழ்கிறவனுக்கு அது எவ்வளவு சிரமம் என்பது வேறு விஷயம்.

நான் பம்பு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்தவன். பதினோராயிரம் உதிரிபாகங்கள். எது எந்தத் தட்டில் என்பது என் தலைக்குள் இருந்தது. ஃபிட்டரிலிருந்து மேனேஜர் வரை எல்லாரும் என் ஜன்னலுக்கு வந்துதான் ஆக வேண்டும். “அண்ணே, அந்தச் சின்ன பேரிங் எங்கண்ணே இருக்கு?” என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். நான் உடனே சொல்ல மாட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, பிறகு சொல்வேன். கேட்கிறவனுக்குக் கொஞ்சம் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

ஓய்வு பெற்ற முதல் வாரம், நானே டீ போட்டுக்கொள்ளலாம் என்று சமையலறைக்குப் போனேன். சர்க்கரை கிடைக்கவில்லை. அவள் ஹாலில் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்: “முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸ்ல இருந்த மனுஷன், வீட்ல சர்க்கரை டப்பாவக் கண்டுபிடிக்க முடியல. அங்க என்னத்தக் கட்டிக் காத்தாரோ!”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. அவள் நீலப் புடவை கட்டியிருந்தாள்.

அடுத்த வாரம்தான் ஷோரூம். பழைய அலமாரியின் அடிப்பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது, அதுவும் உண்மை. நான் தேர்ந்தெடுத்தது முத்து வெள்ளை. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. கைப்பிடியே கிடையாது, லேசாகத் தள்ளினால் தானாகத் திறக்கும். “ஃபிட் பண்ணிட்டா ஒரே சுவர் மாதிரி இருக்கும் சார்” என்றாள் ஷோரூம் பெண்.

“எந்தக் கதவுக்குள்ள என்ன இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?” என்று என் மனைவி கேட்டாள்.

“தெரியாது மேடம். அதான் இப்ப ஸ்டைலே. ஆனா எண்ணெய்க் கை பட்டா மட்டும் தடம் விழும். துடைச்சிட்டே இருக்கணும்.”

“நான் துடைக்கிறேன்” என்றேன். இரண்டு பெண்களும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். என் மனைவி பச்சைக் கதவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “சரி, உங்க இஷ்டம். இத்தனை வருஷம் வெளியிலேயே ஓடிட்டீங்க. வீட்ல ஒண்ணாவது உங்களுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கட்டும்” என்றாள். மனமுவந்து விட்டுக்கொடுத்தாள். இதை எழுதிக்கொள்ளுங்கள் டாக்டர். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

இருபத்திரண்டு கதவுகள். நான்கே நாளில் மாட்டிவிட்டார்கள். நான் நினைத்தது, அவள் குறைந்தது மூன்று மாதமாவது திண்டாடுவாள், என்னைக் கேட்பாள் என்று. கெட்டிக்காரி, பத்தே நாளில் பழகிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால்கூடச் சரியான கதவு திறந்தது. “அடுப்புகிட்ட நிக்காதீங்க, சூடா ஏதாவது பட்டுடப் போகுது” என்று என்னை மறுபடி ஹாலுக்கு அனுப்பிவிட்டாள்.

அவள் குளிக்கப் போயிருந்தபோது உப்பு ஜாடியை எடுத்து இரண்டு கதவு தள்ளி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். உப்பு ஜாடிக்கு அவ்வளவு பாடுகூட இல்லை. அவள் வந்து கதவைத் தள்ளினாள். “இங்கதானே வச்சேன்?” என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “எங்க வச்சாங்களோ அங்கதான் இருக்கும்” என்றேன். இதில் பொய் ஏதாவது இருக்கிறதா?

வாரத்துக்கு ஒரு பொருள்தான். அதில் நான் கண்டிப்பாக இருந்தேன். கத்தி, தீப்பெட்டி, பூச்சி மருந்து பக்கம் போகவே மாட்டேன். ஸ்டோர்ஸ்காரனுக்குப் பாதுகாப்புதான் முதல். அவளை ரொம்ப நேரம் தேட விட்டதும் இல்லை. நாலு கதவு திறந்து பார்த்தாள் என்றால் எழுந்து போய், சரியான கதவைத் தள்ளிக் காட்டுவேன். அப்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள். “நல்ல வேளை, நீங்க வீட்ல இருக்கீங்க” என்பாள். அதைக் கேட்க நான் கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வெளியே போய்விட்டு வந்தால் கதவுகளைச் சாய்வாகப் பார்ப்பேன். எண்ணெய்க் கைத் தடங்கள் வரிசையாகத் தெரியும். டீத்தூளுக்கு ஒன்பது கதவு, மிளகுக்குப் பன்னிரண்டு. முதல் தடம் அழுத்தமாக இருக்கும். போகப்போக விரல் நுனி மட்டும் பட்டிருக்கும். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா.

ஒரு நாள் அவள் சின்னச் சின்னத் தாளில் ‘உப்பு’, ‘சர்க்கரை’, ‘டீத்தூள்’ என்று எழுதி எல்லாக் கதவிலும் ஒட்டிவிட்டாள். நல்ல யோசனைதான். ஆனால் கதவோடு கொடுத்த புத்தகத்தில், பசை பட்டால் பளபளப்பு மங்கிவிடும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. எடுத்துக் காட்டினேன். “ஐயோ, எனக்கு இதுகூடத் தோணலையே” என்று அவளே ஒவ்வொன்றாகக் கிழித்தாள். பசை போகாத இடத்தை நகத்தால் சுரண்டப் போனாள். கீறல் விழும் என்று தடுத்தேன்.

அதன் பிறகு மாலையில் கணக்குப் படிக்க வந்த பிள்ளைகளை நிறுத்திவிட்டாள். இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவள். “தப்பா சொல்லிக் குடுத்துட்டா பாவம் இல்லையா? எனக்கு முன்ன மாதிரி இல்ல” என்று வாசலில் நின்று ஒவ்வொரு தாயிடமும் சொன்னாள். தனியாக வெளியே போவதும் நின்றது. ஒரு நாள் அவள் கைப்பையில் சில்லறை தேடினேன். மடித்த தாள் ஒன்று கிடைத்தது. அவள் பெயர், வீட்டு விலாசம், என் போன் நம்பர். கீழே, ‘நான் வழி தெரியாமல் நின்றால் இவரைக் கூப்பிடுங்கள்’ என்று எழுதியிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அன்று எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் சரியாகிவிட்டது.

பக்கத்துத் தெரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளை தவறாமல் நானே கொடுத்தேன். அதைச் சாப்பிட்டால் பாதி நாள் தூங்குவாள். இந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தியாள், “அக்கா மூணு வாரம் என்கூட இருக்கட்டும் அத்தான்” என்று வந்து அழைத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். அங்கே அலமாரியெல்லாம் பழைய மரக் கதவு, கிறீச்சென்று சத்தம் போடும், கைப்பிடிகூட ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அந்தக் கதவுகளோடு என் மனைவிக்கு எந்த மறதியும் வரவில்லை என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். நீங்கள் வைத்த பரீட்சையிலும் முழு மார்க் வாங்கினாளாமே. சந்தோஷம்.

இப்போது, கொழுந்தியாள் உங்களிடம் கொடுத்த இந்த இரண்டு படங்களுக்கு வருகிறேன். முதல் படம் திங்கட்கிழமை எடுத்தது. அக்காவின் துணிமணி எடுக்க வந்த கொழுந்தியாள், இருபத்திரண்டு கதவுகளையும் திறந்து போட்டுப் போனில் படம் எடுத்தாள். “அக்கா பார்த்துப் படிச்சுக்கட்டும் அத்தான். திரும்பி வரும்போது தடுமாற மாட்டா” என்றாள். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை காலை மனைவி போன் செய்தாள். “என்னங்க, இருபத்திரண்டும் மனப்பாடம். வேணும்னா கேட்டுப் பாருங்க.” கேட்டேன். மிளகு என்றேன், பதினொண்ணாவது கதவு என்றாள். டீத்தூள், நாலு. ஊறுகாய் ஜாடி, பதினெட்டு, பின் வரிசை. ஒன்றுகூடத் தப்பவில்லை. முதல் ரேங்க் வாங்கிய பெண் போலப் பேசினாள். “நான் நல்லாத்தாங்க இருக்கேன் போல. நாளைக்கு வீட்டுக்கு வரட்டுமா?”

“வா” என்றேன்.

அன்று மத்தியானமே ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒரு பொருள் இல்லை, எல்லாம். முடிய மூன்றரை மணி நேரம் ஆனது. இடுப்பு இன்னும் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை தங்கையோடு வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குத்தான் போனாள். தங்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பதினொன்றாம் கதவைத் தள்ளினாள். உள்ளே தட்டுகள் இருந்தன. நாலாவதைத் தள்ளினாள். பிறகு எதையும் தள்ளவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தியாள் எல்லாக் கதவையும் திறந்து இரண்டாவது படத்தை எடுத்தாள். நான்கு நாளாக அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். எனக்குக் கணக்குத் தெரியாதா என்ன? வைத்தது நான்தான். முதல் உப்பு ஜாடியிலிருந்து எல்லாம் நான்தான்.

ஆனால் அவள் தரையில் உட்கார்ந்தபடி தங்கையைப் பார்க்கவில்லை, டாக்டர். தங்கை கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றிருந்தாள். இருந்தும் என்னைத்தான் அண்ணாந்து பார்த்தாள். என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, “என்னங்க, என்னை எங்கயும் அனுப்பிடாதீங்க” என்றாள். எங்களுக்குள் இப்படி ஒரு நெருக்கம் கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை.