முள்ளு ஏறிக்கினே போச்சு

இல்லீங்கண்ணா, ரேடியேட்டர் மூடிய நான் திறக்கல. துணிய வெச்சு லேசா தொட்டேன், புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு, கைய எடுத்துட்டேன். நானும் வருசக்கணக்கா வண்டி ஓட்டுறவன்தாங்க. சூட்டுல திறந்தா மூஞ்சி வெந்துடும்னு தெரியும். இன்னிக்குத்தான் ஒண்ணுமே தெரியாதவன் மாதிரி ஆயிட்டேன்.

எங்கருந்தா? கீழ்பென்னாத்தூர். கல்யாண வண்டிதாங்க. பூவெல்லாம் பசங்க காலையில கட்டினது. சாயந்திரம் பொண்ணழைப்பு, விடிஞ்சா முகூர்த்தம். பின்னாடி உக்காந்திருக்குதே, அதான் பொண்ணு. எங்கக்கா பொண்ணு, சிந்துஜா. டவுன்ல பார்லர்ல விட்டு அலங்காரம் பண்ணி கூட்டினு வாடான்னு அக்காதான் அனுப்புச்சு.

வரும்போதே டெம்பரேச்சர் முள்ளு ஏறிக்கினே போச்சு. ஏசிய நிறுத்தினேன். ஹீட்டர போட்டா இன்ஜின் சூடு கொஞ்சம் கம்மியாவும்னு அதையும் போட்டேன். பாவம், பொண்ணுக்கு வேர்த்து ஊத்திச்சு. சிவப்பத் தொட்டுச்சு, உங்க கடை வாசல்ல ஓரங்கட்டிட்டேன்.

கூலன்ட் இருக்குதுங்க, மார்க் வரைக்கும். கீழ ஒழுகல, குனிஞ்சு பார்த்தேன். ஃபேனும் சுத்துது. அப்புறம் இன்னா கேடுன்னுதான் புரியல.

அண்ணா, அந்தப் பக்கம் எங்க சொந்தக்காரங்க வெள்ள வேன் ஏதாவது வருதா? இல்லியா? சரி, நீங்க பாருங்க.

ஃபோன் அடிக்கட்டும் விடுங்க. அக்காதான்.

பார்லர் அப்பவே தாண்டிட்டேங்க. நான் வேங்கிக்கால் போவணும். அங்க இருக்குற கலெக்டர் ஆபீஸ் மூடுறதுக்குள்ள. ஆட்டோவா? வேணாங்க. ஸ்டேண்டுல பாதிப்பேரு எங்க ஊர்க்காரனுங்க. ஏறின உடனே அக்காவுக்கு தகவல் போயிடும். பயமா இருக்குதுங்க எனக்கு, பொய் சொல்லல.

கல்யாணத்த நிறுத்தத்தாங்க போறேன். வேற எதுக்கு? அது பதினொன்னாவது படிக்குது. பதினாறு வயசு. மாப்ளைக்கு முப்பத்திரண்டு. சொத்து வெளிய போவக் கூடாது, சொந்தம் விட்டுப் போவக் கூடாதுன்னு அக்காவே முடிவு பண்ணிடுச்சு. மாப்ளையும் வேணாம்னு சொல்லாம இல்லீங்க, சொன்னான். பூச்சி மருந்து பாட்டில கையில வெச்சுக்கினு நடு வீட்டுல நின்னுச்சு அக்கா. அதோட வாய மூடிக்கினான். கோழைப்பய.

நானும் பேசாம பார்லருக்குத்தான் ஓட்டினு வந்தேன். வழியில சிந்துஜா கேட்டுச்சு, மாமா, நாளைக்கு அப்புறம் அரையாண்டு பரீட்சைக்கு விடுவாங்களா, ஃபிசிக்ஸ் எல்லாம் படிச்சு வெச்சிருக்கேன்னு. அழுவலீங்க அது. பர்மிசன் கேக்குற மாதிரி கேட்டுச்சு. என்னால தாங்க முடியல. பார்லர் வந்துச்சு, நிறுத்தாம வந்துட்டேன்.

அங்க இன்னா பாக்குறீங்க, முன்னாடி? ஐயோ, ஆமாங்க. பொண்ணு மாப்ள பேரு எழுதின தெர்மாகோல் அட்டை. கிரில் மேலயே வெச்சு, பின்னாடி பிளாஸ்டிக் ஷீட்டு வேற குடுத்து டேப் அடிச்சிருக்கானுங்க. ரேடியேட்டருக்கு காத்தே போவல. எத்தினி வண்டி ஓட்டியிருக்கேன், இது என் கண்ணுல படலியே.

கிழிச்சிடுங்க. பூவும் வேணாம், எல்லாத்தயும் பிச்சுடுங்க. நான் இந்தப் பக்கம் இழுக்குறேன்.

இப்ப ஸ்டார்ட் பண்ணவா? ஆற விடணுமா? எவ்ளோ நேரம்? அவ்ளோ நேரம் தாங்காதுங்க. சரி, சரி, இன்ஜின் ஹெட்டு போயிடும்னா நிக்கிறேன். நீங்க ரோட்ட மட்டும் பாத்துக்கினு இருங்க.

இப்ப ஓடவிடலாமா? எறங்குதுங்க. முள்ளு எறங்குது, பாருங்க.

மாப்ள வீட்டுக்காரனுங்க வந்து தகராறு பண்ணுவாங்களா? மாப்ள வீடுன்னு தனியா எங்கங்க இருக்குது. அட்டையில போட்டிருந்த வேடியப்பன் நான்தான். கட்டிக்கப் போறவனே வந்து இத நிறுத்துங்கன்னு சொன்னா அங்க நம்புவாங்க இல்லீங்களா? இல்ல, என்னைத்தான் மொதல்ல புடிச்சு வெப்பாங்களா? வெச்சா வெக்கட்டும். நீங்க அந்த பானட்ட மூடுங்க.