சர்வர் ரூம் பிளக்கும் என் ராஜினாமாவும்

கம்பெனி சர்வரைக் கொன்றவன் நான்தான் என்று புதுவாயலில் பஸ் ஏறியதிலிருந்து கம்பெனி கேட் வரை முழுமனதாக நம்பினேன். ஆயுத பூஜைக்கு சீரியல் லைட் போட, யாரையும் கேட்காமல் சர்வர் ரூம் பிளக்கில் சொருகியவன் நான்தானே.

லீவு முடிந்த காலை, கம்பெனி பஸ். முன் சீட்டில் சர்வர் பார்க்கிற பாஷா. போன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில், சர்வர் முன்னால் நின்ற டிஸ்பாட்ச் செல்வி.

"பாய், லாரிங்க கேட்ல நின்னுகினு இருக்குது, பில்லே வரல. பத்து மணிக்குள்ள லோடு போவலன்னா உங்கள ஊட்டுக்கு அனுப்புறேன்னு மேனேஜர் குதிக்கிறாரு."

"பேஜாரு பண்ணாத செல்வி. சர்வர் ஓடுதா?"

"ஓடுது. நெட்வொர்க்தான் இல்ல."

"ஐபி லிங்க்னு அடி. இன்னா வருது?"

"ஈத் ஜீரோ, நோ கேரியர்."

"அப்ப மொத போர்ட்ல ஒயரே இல்ல. பின்னாடி போய்ப் பாரு."

சீரியல் லைட்டைச் சொருகும்போது நான்தான் ஒயரை இழுத்திருப்பேன். ராஜினாமா கடிதத்தின் முதல் இரண்டு வரிகளை மனதில் எழுதிவிட்டேன், மிக மரியாதையாக.

"பாய், ஒயரு ரெண்டாவது போர்ட்ல இருக்குது. மொத போர்ட்டு வாயில நான் வெச்ச சந்தனப் பொட்டு அப்டியே காஞ்சிக் கெடக்குது. யாரு மாத்துனது?"

பாஷா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்தான். தூசு தொடைக்கக் கழட்னேன். திரும்ப சொருகறப்போ, நீ வெச்ச பொட்ட அழிக்க மனசு வரல."

"இப்ப இன்னா பண்றது?"

"அழிச்சிட்டு சொருகு."

சொருகினாள். லாரிகள் ஒன்பதரைக்குக் கிளம்பின. என் சீரியல் லைட் சர்வர் ரூமில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.