பூநாரையின் கண்

மணி பகல் பன்னிரண்டரை. மரக்காணம் உப்பளத்து மண் ரோட்டில் ஈ காக்கை இல்லை… உப்பு வாருகிறவர்கள் பதினொன்றுக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். நம் அரவிந்தனுடைய தாய்மாமன் ஜெயசீலனுக்கு நடந்தது இது. போன பங்குனியில்தான்.

ஜெயசீலன் போர்டு ஆர்ட்டிஸ்ட். உப்பளத்துக்கு வரும் பறவைகளைப் பற்றிப் பெரிய போர்டு வைக்க ஒரு சங்கத்தார் அவரைப் பிடித்தார்கள். இருநூறு வருஷத்துப் பழைய புத்தகத்திலிருந்து படங்களைப் பெரிதாக்கி வரைய வேண்டும். அதில் பூநாரைக்கு எல்லாம் இருந்தது, இறகு இறகாக… கண் மட்டும் வெறும் காகிதம். அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்துதான் ஓவியர் முன்னால் போடுவார்களாம். வந்து சேர்வதற்குள் கண்ணின் நிறம் மங்கிவிடும். தெரியாத நிறத்தைப் பூச மனசில்லாமல் அந்த ஓவியர் அப்படியே விட்டிருக்கிறார்.

இது தெரிந்த அன்று ஜெயசீலன் சாப்பிடவில்லை. மாசியில் அவருக்கும் அம்சவல்லிக்கும், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மணி நேரம்தான் இருந்தது, பாவம். போனில் ஒரே ஒரு போட்டோ, கண் மூடியபடி. செத்தவர் போட்டோவைப் பார்த்துக் கண் திறந்த மாதிரி வரைந்து கொடுப்பது அவருக்குக் கைவந்த வேலை. ஊருக்கெல்லாம் செய்து கொடுத்தவர்தான். அம்சவல்லி கெஞ்சினாள்.

"நம்ம பொண்ணு என்னை ஒரு தடவை பாக்கணுங்க."

"நான் பாக்காத கண்ணை எப்படி அம்சா வரையறது? பொய்யாயிடுமே."

முகத்தை மட்டும் வரைந்தார். கண்ணுக்கு இடம் விட்டார். அந்தத் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டரைக்குப் போர்டில் பூநாரையின் காலை வரைந்துகொண்டிருந்தார். காற்று சட்டென்று நின்றது. உப்பின் மேல் யாரோ நடக்கிற சத்தம்… நறுக்… நறுக்… கூடவே ஈர இறகு வாடை, வெடிமருந்து வாடை. திரும்பினார். ஒரு பெரியவர். அக்குளில் மரப்பெட்டி, காதில் செருகிய தூரிகை. கையில் தலை தொங்கும் பூநாரை.

"தம்பி, நீ இதை உயிரோட பாத்திருக்கியா?"

"தினமும் பாக்கறேங்க."

"கண்ணு என்ன நிறம்?"

"மஞ்சளுங்க… வெளிர் மஞ்சள்."

பெரியவர் அழுதார். சத்தமே வரவில்லை.

"எனக்கு எல்லாரும் செத்ததத்தான் குடுத்தாங்க, தம்பி."

அதைக் கேட்டதும் ஜெயசீலனுக்குப் பயம் போய்விட்டது. பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினார்.

"எனக்கும் அப்படித்தாங்க. எம் பொண்ணு."

பெரியவர் வாங்கிக்கொண்டார். உப்பில் பட்ட வெயிலில் கண் கூசியது. ஜெயசீலன் ஒரு நொடி இமையை மூடினார்…

திறந்தால் ஆள் இல்லை. உப்பின் மேல் ஒரு காலடித் தடமும் இல்லை. தாள் போர்டுக்கு அடியில் கிடந்தது. குழந்தைக்குக் கண் இருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை. கருவிழி இரண்டும் வெளிர் மஞ்சள்… பூநாரைக் கண்.

வீட்டுக்குப் போனதும் அதை ஒளிக்கத்தான் பார்த்தார். அம்சவல்லி பிடுங்கிவிட்டாள். நெடுநேரம் பார்த்தாள். அலறப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவளோ தாளை மாரோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"பொறந்ததும், நர்ஸம்மா துணி சுத்தறதுக்கு முன்ன, நம்ம பொண்ணு ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்துச்சுங்க. எம் பக்கம் திரும்பல. நான் மட்டும்தான் பாத்தேன். இதே மஞ்சள்தான். சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னுதான்… சொல்லல."