மூணு மணி நேரத்துக்கு ஒருவாட்டி பால்

காட்பாடி போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. என் பக்கத்திலிருந்த இளந்தாய் அதைத் தட்டிக்கொண்டே, "அழுவுதுன்னு பால் குடுக்கக் கூடாதாம்க்கா" என்றாள்.

எதிரே புர்கா அணிந்திருந்த அம்மாள் திகைத்தார். "யாரு சொன்னது?"

"நர்சம்மா. மூணு மணி நேரத்துக்கு ஒருவாட்டிதானாம். ஆம்பூர்ல ஏறச்சொல்ல குடுத்தேன். பகல்ல, நேரமாச்சின்னு வூட்ல சொல்றப்போ பாத்து இது தூங்கிடுது. எழுப்பறதா, வுடறதா? ஒண்ணும் புரியல. புள்ள இளைச்சிக்கினே போவுது."

குடியாத்தம் ஸ்டேஷனில் ரயில் நின்றது.

"தோ கடியாரம். மூணு மணி நேரம் ஆச்சா, பாரு" என்று அந்த அம்மாள் பிளாட்பாரத்தைக் காட்டினார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. "எனக்கு மணி பாக்கத் தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியாது. ஆயிருக்கும், குடு" என்று அவர் புர்காவை விரித்து மறைத்துப் பிடித்தார். அழுகை நின்றது.

எனக்கு மணி பார்க்கத் தெரியும். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. நானும் புர்காவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.