பால்கனிக்குக் கீழே

— பள்ளிக்கூடம் வேணாம்னு யாருடி சொன்னா? வேணும். கண்டிப்பா வேணும். இங்க வேணாம்னுதான் சொல்றோம்.

— இங்கன்னா எங்க அக்கா?

— என் பால்கனிக்குக் கீழ. எட்டிப் பாரு. இந்தக் காலி மனைக்குத்தான உங்க பிளானிங் ஆபீஸ் மேப்புல கலர் அடிச்சு வெச்சிருக்கீங்க?

— அடிச்சதே நான்தான். மஞ்சக் கலர்.

— கூடப் பொறந்தவ வீட்டு வாசல்லயே அடிச்சிருக்க பாரு. வேற இடமே கெடைக்கலையா உனக்கு?

— மெதுவாப் பேசு. உள்ள பாப்பா தூங்குறா.

— அவ தூங்குவா. பெத்தவ நீ மேப்பு வரைஞ்சுட்டு இருக்கும்போது தினம் மத்தியானம் என்கிட்டதான தூங்குறா. பள்ளிக்கூடம் வந்தா அவளும் தூங்க மாட்டா, இவரும் தூங்க மாட்டாரு. நைட் ஷிப்ட் பாத்துட்டு வர்ற மனுஷன். ஏங்க, நீங்களே சொல்லுங்க உங்க மச்சினிகிட்ட.

— பசங்க சத்தத்துல நான் நல்லாத்தான் தூங்குவேன் தலைவரே. வீட்டுச் சத்தத்துலதான் முழிப்பு வருது.

— பாத்தியா. குடியிருப்போர் சங்கத்துக்கே தலைவி. வீட்டுக்குள்ள இதுதான் மரியாதை.

— அத்தான், அக்காவோட பெட்டிஷன்ல நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?

— முதல் கையெழுத்தே என்னோடதுதான் ஆபீசரம்மா. சோறு முக்கியம்.

— சரி அக்கா, படிச்சேன் உன் பெட்டிஷனை. சத்தம் வரும், வண்டி நிக்கும், மணி அடிக்கும், வீட்டு விலை இறங்கும். இந்த வீட்டை வாங்கும்போது விளம்பரத்துல என்ன போட்டிருந்தான்? பள்ளிக்கூடம் ரெண்டு நிமிஷ நடைன்னுதான? அதைக் காட்டித்தான எங்களையும் அடுத்த தெருவுல குடிவர வெச்ச?

— அது வேற பள்ளிக்கூடம்டி.

— எது?

— விளம்பரத்துல படம் போட்டிருந்தானே, அது. பசங்க டை கட்டியிருந்தாங்க.

— இங்க வர்ற பசங்க டை கட்ட மாட்டாங்க. அதான் பிரச்சினை.

— நான் அப்படிச் சொன்னேனா?

— பாதுகாப்புன்னு எழுதியிருக்க. ஆறு வயசுப் பசங்ககிட்டேருந்து உங்களுக்குப் பாதுகாப்பு.

— ஆறு வயசு தனியாவா வரும்? பின்னாடியே அப்பன் வருவான், ஆத்தா வருவா, ஐஸ் வண்டிக்காரன் வருவான். கேட்டுல நின்னு கத்துவாங்க.

— நாம ரெண்டு பேரும் படிச்சதே அந்த மாதிரி கவர்மென்ட் பள்ளிக்கூடம்தான்.

— அதனாலதான்டி சொல்றேன். எனக்குத் தெரியாதா?

— சரி, பள்ளிக்கூடம் வேணாம். இந்த மனையில உங்களுக்கு என்ன வேணும்?

— பூங்கா. பெரியவங்க நடக்க, உக்கார. நாலு பூச்செடி.

— இப்ப என்ன இருக்கு?

— நாலு காரு.

— அஞ்சு, தலைவரே. நம்ம ரெண்டாவது காரை விட்டுட்டீங்க.

— நீங்க சும்மா இருங்க. ஏன்டி, எங்க பில்டரே பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு இடம் எழுதித் தர்றானாமே? அதை ஏன் வேணாங்குற?

— போய்ப் பாத்தியா?

— நான் எதுக்குப் போகணும்?

— முக்கோணமா இருக்கும். மேல ஹைடென்ஷன் கம்பி, கீழ சாக்கடை. இவ்வளவு வீடு கட்டினா பள்ளிக்கூடத்துக்கு இடம் விடணும்னு சட்டம். எல்லாத்தையும் வித்து முடிச்சுட்டு, கேக் வெட்டின அட்டையில ஒட்டியிருக்கிறதை வழிச்சுக் குடுக்குற மாதிரி குடுக்குறான்.

— சரி, அது போகட்டும். பைபாசுக்கு அந்தப் பக்கம், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல? மூணு ஏக்கர் சும்மாத்தான கெடக்கு? அங்க கட்டுங்களேன். நல்ல காத்து.

— நல்ல காத்துதான். லாரி போற வேகத்துக்கு ஆளையே தூக்கும்.

— நடைப்பாலம் போடுங்க. ஏறி இறங்கட்டும். சின்ன உடம்புக்கு நல்லது.

— உன் பையனோட வேன் கேட்டுக்குள்ள வரலைன்னு டிரைவர்கிட்ட ஒரு வாரம் சண்டை போட்டியே. கேட்டுலேருந்து லிஃப்ட் வரைக்கும் நடந்தா அவன் உடம்புக்கு நல்லதில்லையா?

— அவனுக்கு மூச்சிரைக்கும்.

— சோபாவை விட்டு எந்திரிச்சாலே இரைக்குது ஆபீசரம்மா.

— உங்களை யாரும் கேக்கலை.

— நீ கவலையே படாத அக்கா. அந்தப் பக்கம்தான் போகப்போகுது. சாயங்காலம் மீட்டிங். எங்க ஆபீஸ் பெரியவர் மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டார்.

— அப்படி வா வழிக்கு. அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

— அவர் எப்படி இடம் தேர்ந்தெடுப்பார்னு கேளு. மேப்புல காம்பஸை ஊனி ஒரு வட்டம் போடுவார். வட்டத்துக்குள்ள பைபாஸ் குறுக்க போனா அவருக்கு அது ஒரு கோடு. பென்சில் தாண்டிடும். பசங்களும் தாண்டிடுவாங்கன்னு நெனைப்பு.

— ஒரு நாள் வெயில்ல இறங்கி நடந்தா தெரியும்.

— கார்லேருந்து இறங்கினாத்தான. அப்புறம் வட்டத்துக்குள்ள குழந்தைங்களை எண்ணுவார். உங்க பில்டிங் பசங்க எல்லாம் வேன்ல போறாங்க, அவங்க கணக்குல இல்லை. பின்னாடி சுவருக்கு அந்தப் பக்கம் லைன் வீடு இருக்குல்ல, அது எங்க மேப்புல இன்னும் குடோன். குடோனுக்குக் குழந்தை பொறக்காது. அதனால இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு ஆளே இல்லைங்குறார்.

— ஆளே இல்லையா?

— ஒரு குழந்தை கூட இல்லையாம்.

— எவன்டி அவன்? படிச்சுத்தான் வேலைக்கு வந்தானா? குடோனாம். ஒரு ரூமுக்கு நாலு இருக்குடி. சாயங்காலமானா சுவத்து ஓட்டை வழியா எறும்பு மாதிரி வருது. இந்த மனை முழுக்க அதுங்கதான். சங்கத்துல செங்கல் வெச்சு அடைச்சா மறுநாளே பேத்துப் போட்டுடுதுங்க.

— நான் சொன்னா நம்ப மாட்டேங்குறார். உன் வீட்டு விலை ஏறணும்னுதான் நான் இந்த மனையைக் கேக்குறேனாம்.

— என் வீட்டு விலையா? அட மடையா.

— வீடு வீடாப் போய் எண்ணிட்டு வர்றேன்னு சொன்னேன். ஆள் இல்லை, ஜீப் இல்லைன்னுட்டார்.

— எண்ணுறதுக்கு எதுக்குடி ஜீப்பு? இங்க ஒரு நாற்காலி போட்டா போதாது? இரு, என் போன் எங்க? சங்கத்துல காட்டுறதுக்குன்னு தினமும் எடுத்து வெச்சிருக்கேன். இதப் பாரு. ஓட்டையை மட்டும் பாரு. வர வர எண்ணியிருக்கேன்.

— முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. உன் குரலா இது?

— பின்ன யாரோடது? இந்தச் சிவப்புச் சட்டை இருக்கானே, இவன் திரும்பிப் போய்ட்டு மறுபடி வருவான். ரெண்டாந்தடவை எண்ணலை. என்னை ஏமாத்த முடியாது.

— ஸ்கூல் லீடரா இருந்தப்ப பேசினவங்க பேரை இப்படித்தான் போர்டுல எழுதுவ. எங்க ஆபீஸ்ல இவ்வளவு சுத்தமா யாரும் எண்ணினதில்லை.

— கொண்டுபோய் உன் பெரியவர் மூஞ்சிக்கு நேரா காட்டு. குடோனாம், குடோன்.

— எனக்கு அனுப்பி வை.

— தலைவரே, யோசிச்சு அனுப்புங்க.

— இதுல யோசிக்க என்ன இருக்கு?

— ஒண்ணுமில்லை. வேணாம்னு தோணுது.

— உங்களுக்குத் தோணினதையெல்லாம் கேட்டிருந்தா இன்னும் வாடகை வீட்டுல தண்ணி புடிச்சுட்டு இருந்திருப்பேன். இந்தாடி, மொத்தத்தையும் அனுப்பிட்டேன். வந்துதா?

— வந்துடுச்சு.

— எதுக்குச் சிரிக்குற?

— பள்ளிக்கூடம் இங்கதான் வருது அக்கா.

— என்ன?

— பெரியவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். நடந்து வர்ற தூரத்துல குழந்தைங்க இருக்குறதுக்குச் சாட்சி. பள்ளிக்கூடமே கூடாதுங்குற சங்கத்துத் தலைவி தன் வாயால எண்ணியிருக்கா. இதுக்கு மேல அவர் என்ன பேசுவார்?

— ஏங்க, உங்களுக்கு இது தெரியுமா?

— வேணாம்னு சொன்னேனே தலைவரே.

— நீங்க வேணாம்னா நான் செய்வேன்னு தெரிஞ்சுதான சொன்னீங்க?

— இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு அது கூடத் தெரியாதா?

— சிரிங்க. ரெண்டு பேரும் நல்லாச் சிரிங்க. சிரிச்சு முடிச்சுட்டு ஒண்ணு சொல்லுடி. சங்கம் கோர்ட்டுக்குப் போனா என்ன பண்ணுவ?

— வருஷக்கணக்குல இழுக்கும்.

— அதுவரைக்கும் உன் பெரியவர் காத்துட்டு இருப்பாரா?

— மாட்டார். கேஸ் இருக்குற மனைப் பக்கமே வரமாட்டார். பைபாசுக்கு அந்தப் பக்கம் போயிடுவார்.

— அப்ப இது யார் கையில இருக்கு?

— உன் கையில.

— சத்தமாச் சொல்லு.

— பாப்பா தூங்குறா.

— வசதியாப் போச்சு.

— அக்கா, அந்தச் சிவப்புச் சட்டை தினம் பைபாஸைத் தாண்டணும். போகையில ஒரு தடவை, வரையில ஒரு தடவை.

— தெரியும்.

— அவனை ஒரு தடவைதான் எண்ணணும்னு தெரிஞ்ச உனக்கு...

— தெரியும்னேன்ல. அவன் அக்காக்காரி இடுப்புல ஒண்ணைத் தூக்கிட்டு வருவா, அதுவும் தெரியும். நான் என்ன கல்லா? சங்கத்துல இருக்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? எல்லாரும் ஒண்ணுதான் கேக்குறாங்க. இந்தத் திட்டம் போடுற ஆபீசருங்க எவனாவது தன் பிள்ளையை அங்க சேப்பானான்னு. சேத்தா அது பள்ளிக்கூடம். இல்லைன்னா லைன் வீட்டுப் பசங்களைப் போட்டு வெக்கிறதுக்கு இன்னொரு குடோன்.

— அப்படி இருக்காது அக்கா. நல்லா வரும். உள்ள எல்லாமே குழந்தைங்க உயரத்துக்கு. ஜன்னல் கூட, உக்காந்தா வெளிய மரம் தெரியுற மாதிரி வெச்சிருக்கேன். கட்டடம் முடியற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம், அடுத்த வருஷமே ஷெட் போட்டு ஆரம்பிச்சுடலாம்.

— பாப்பாவுக்கு அடுத்த வருஷம்தான ஒண்ணாங்கிளாஸ், ஆபீசரம்மா?

— ஆமா அத்தான்.

— நல்லதாப் போச்சு. லிஃப்ட்ல இறங்கினா கிளாஸ். ஏறினா பெரியம்மா.

— இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க. இந்தாடி, பேனா. சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு இப்பவே எழுதித் தர்றேன். பெட்டிஷனும் இல்லை, கேசும் இல்லை. கூட்டத்துல நான் பேசிக்குறேன். ஆபீசர் தன் பொண்ணைத்தான் முதல்ல சேக்குறான்னு சொன்னா ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டாங்க. அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீ சொல்லு.

— கார் நிறுத்துறவங்க ஒத்துக்குவாங்களா?

— அவங்களை நான் பாத்துக்குறேன். நீ சொல்லு.

— பாப்பாவுக்கு சீட் வாங்கியாச்சு அக்கா.

— எங்க?

— உன் பையன் ஸ்கூல்ல.

— எப்ப?

— போன மாசம்.

— போன மாசம் இந்த மனைக்கு மஞ்சக் கலர் அடிச்சியே, அப்பவா?

— அத்தான், நீங்களாவது சொல்லுங்க.

— நான் என்னம்மா சொல்றது.

— சீட்டுதான? வேணாம்னு சொல்லிடு. அந்தப் பசங்க ரோட்டைத் தாண்ட வேணாம், உன் பொண்ணு வேன்ல ஏற வேணாம். நீ போட்ட பிளான், நீ வெச்ச ஜன்னல். அதுல என்ன குறை? மூடியைத் தெறந்து வெச்சிருக்கேன், மை காயுது. சொல்லு.

— குறைன்னு யாரு அக்கா சொன்னா? நல்ல பள்ளிக்கூடம். கண்டிப்பா நல்ல பள்ளிக்கூடம். பாப்பாவுக்கு வேணாம்னுதான் சொல்றேன்.